எண்பதாவது வாரம்

மூன்றாம் ஷெட் வாசலில் தொங்கும் அட்டையை
நான்தான் எழுதுகிறேன்.
குஞ்சு இறங்கிய தேதி, இன்றைய வாரம்,
முட்டை எத்தனை, செத்தது எத்தனை.
கடைசிக் கட்டத்தில், பென்சிலால்,
லாரி வரும் தேதி.

எண்பது வாரம்.
ஒரு வாரம் முன்னே பின்னே போவது
தீவன விலையைப் பொறுத்தது.
கோழிக்குத் தெரியாது.
நாலு மணிக்கே பல்பைப் போட்டுப்
பொழுதை நீட்டிக் கொடுப்போம்.
விடிந்ததென்று நம்பி அது முட்டையிடும்.

புதன்சந்தையில் பஸ் ஏறி
திருச்செங்கோடு தாண்டும் வரை
ஜன்னலோரம் உட்கார்ந்து
போர் வண்டிகளை எண்ணிக்கொண்டு வந்தார்
என் வீட்டுக்காரர்.
கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில்
"செங்கோடன் யாருங்க?" என்று நர்ஸ் கூப்பிட்டபோது
இருபத்தாறு வண்டி என்றார் என்னிடம்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"எவ்வளவு நாள்னு சொல்லட்டுங்களா?
சிலர் கேப்பாங்க. சிலர் வேண்டாம்பாங்க."
அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.
"மாத்திரை எத்தனை வேளைனு சொல்லுங், போதும்.
மத்தது உங்ககிட்டயே இருக்கட்டுமுங்."

குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லித்
திரும்பிப் போனேன்.
குடை பையில்தான் இருந்தது.
டாக்டர் வாரக்கணக்கில் சொன்னார்.
மூன்றாம் ஷெட்டுக்கு முந்தியா பிந்தியா என்று
படியிறங்கும்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.

மறுநாள் முட்டை அடுக்கும்போது
யாரைப் பற்றியோ கேட்பதுபோல் கேட்டேன்:
முன்கூட்டியே தெரிஞ்சுக்க ஆசைப்படுவீங்களா?
டிரைவர் மாரப்பன் சிரித்தான்.
"தெரிஞ்சா ஊர் பூரா கடன் வாங்கிப் போடுவனுங்."
ஒடிசாவிலிருந்து வந்த பபுலா
முட்டைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத்
தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்:
"தெரியணும் அக்கா. ஊருக்கு ரயில் டிக்கெட்
ரெண்டு மாசம் முன்னாடி போடணும்."
அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

தெரிந்தவளின் கை சும்மா இருக்குமா?
ஞாயிறு வெள்ளாட்டுக் கறி. புதனுக்கு நாட்டுக்கோழி.
அரிசிம்பருப்புச் சோற்றுக்கு நெய் ஊற்றினால்
கரண்டி என் சொல் கேட்கவில்லை.
காலண்டர் தாளை இரண்டு நாள் கிழிக்காமல் விட்டேன்.
அவர் வந்து இரண்டையும் சேர்த்துக் கிழித்தார்,
ஒன்றும் கேட்காமல்.

தோட்டத்தில் ஏழு தென்னங்கன்று வைத்தார்.
காய்க்க அஞ்சு வருசம்.
எதற்கு என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்,
"குழி இன்னும் ஆழமாப் போடோணும்" என்றேன்.
சொன்னது என் காதிலேயே விழுந்தது.
மண்வெட்டி ஒரு நொடி நின்று
மறுபடி இறங்கியது.

ஒரு சாயங்காலம் மொபெட்டில்
என்னைக் கூட்டிப்போக வந்தார்.
"இதுகள எப்பப் புள்ள ஏத்தறாங்க?"
பென்சில் என் கையில்.
"இன்னும் முடிவு பண்ணலீங்" என்றேன்,
முதுகால் அட்டையை மறைத்துக்கொண்டு.
பதினேழு வருசக் கணக்கில்
அது ஒன்றுதான் பொய்.

"ஏத்தறதுக்கு மொதநாள் தீனிய நிறுத்திருவீங்கல்ல?"
"ஆமாங்."
"அப்ப அதுகளுக்குத் தெரிஞ்சு போயிருமே."
கூண்டு வரிசையைக் கடைசி வரை பார்த்தார்.
ஆயிரம் தலைகள் கம்பிக்கு வெளியே நீண்டு
தின்றுகொண்டிருந்தன.
"நம்மூட்ல மட்டும் ஏன் அம்மிணி
தீனி இத்தன எச்சாப் போச்சு?"

எனக்கு வாய் வரவில்லை.
அவர் வண்டியை உதைத்தார்,
நான் ஏறும் வரை காலூன்றி நின்றார்.

மறுநாள் கொள்ளுப் பருப்புக் கடைந்தேன்.
பழையபடி. உப்புக் கொஞ்சம் குறைவாகவே.
"வாயில வெக்க முடியுதா இத?"
தட்டை நகர்த்தினார்.
உப்புச் சாடியை எடுக்கப் போனவள்
அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

பின்னாலிருந்து சத்தம் வந்தது:
"உப்பெடுக்கத் தூத்துக்குடிக்கா போனே?"